உச்சி வெயிலில் எதற்கு ஃபிளாஷ்?

பல்லடம் வட்டாரத்தில் ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் எந்த மண் பாதையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூட்டத்தில் பாதிப் பேர் துண்டைத் தலையில் போட்டிருக்கிறார்கள். கட்டிய கயிற்றுக்கு வெளியே மண்டியிட்டிருக்கும் புகைப்படக்காரர், காளைகள் எல்லைக் கோட்டை நெருங்கும் நேரம் பார்த்து, காமிராவின் தலைமேல் மாட்டியிருக்கும் ஃபிளாஷை அடிக்கிறார். பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுக்கவில்லை: “ஏனுங்ணா, இத்தன வெயில்ல லைட்டு எதுக்குங்க?”

நியாயமான கேள்விதான். சூரியனோடு போட்டி போடுமா நான்கு பேட்டரியில் ஓடும் ஒரு விளக்கு? போடாது. போட வேண்டியதும் இல்லை. அந்த விளக்கு வெயிலைக் கூட்டுவதற்காக எரிவதில்லை. வெயில் போகாத இடத்துக்குப் போவதற்காக எரிகிறது. அந்த வேலைக்கு அதனிடம் இருக்கும் சக்தி எவ்வளவு, எத்தனை மீட்டர் வரை அது எட்டும், ஓடும் காளையை அது எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதையெல்லாம் ஒரே ஒரு வண்டியை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நிழல் எங்கே விழுகிறது

பல்லடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டு மணி இருபது நிமிடம் போல ஆகியிருக்கும். நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பொங்கலை ஒட்டிய நாட்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருந்தாலும், நண்பகலில் அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில் நிற்கும். அதுவும் செங்குத்துக்குப் பக்கம்தான்.

இந்த உயரத்திலிருந்து விழும் வெயில் புருவத்துக்குக் கீழே இறங்காது. வண்டியோட்டுபவர் முன்னால் குனிந்து, தலையில் துண்டோ தொப்பியோ வைத்திருந்தால் நெற்றி முதல் தாடை வரை நிழல். காளைக்கும் இதே கதி. காங்கேயம் காளையின் திமிலும் முன்னுடம்பும் பின்னுடம்பும் இயல்பிலேயே கருத்தவை. மயிலைக் காளையானாலும் திமில் பக்கம் கருமை தட்டியிருக்கும். முதுகில் வெயில் பளபளக்க, கழுத்துக்கு அடியில் தொங்கும் அலைதாடியும் வயிறும் முகமும் இருட்டுக்குள் கிடக்கும். பின்னால் வெளுத்த வானம்.

நேரில் நிற்பவருக்கு இது எதுவும் தெரிவதில்லை. நம் கண் ஒரு காட்சியை ஒரே மூச்சில் வாங்குவதில்லை. முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கும், வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாகக் காட்டுகிறது. காமிராவுக்கு அந்த அவகாசம் இல்லை. முழுச் சட்டத்துக்கும் ஒரே அளவு. வானத்துக்கு அளந்தால் முகம் கருப்படித்துவிடும். முகத்துக்கு அளந்தால் வெள்ளைச் சட்டையும் வானமும் வெளுத்து, துணியின் மடிப்புகூடத் தெரியாத வெறும் வெள்ளையாகிவிடும்.

மண்ணும் ஒரு விளக்கு

அந்த நிழல் முழு இருட்டு அல்ல. வானத்தின் நீலம் மேலிருந்தும், தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் அதற்குள் கொஞ்சம் ஒளியைச் சேர்க்கின்றன. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களின் செம்மண் நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பித் தரும். அங்கே எடுத்த முகங்களின் தாடைக்கு அடியில் ஒரு செந்நிறம் படிந்திருப்பது அதனால்தான். கரிசல் மண் எதையும் பெரிதாகத் திருப்பித் தராது. அங்கே நிழல் இன்னும் ஆழம். வெள்ளை வேட்டி கட்டிய நாலு பேர் பாதையோரம் வெயிலில் நின்றால், அவர்கள் பக்கமாக வரும் காளையின் முகத்தில் வெளிச்சம் கூடும். அனுபவமுள்ளவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள்.

மண்ணும் வானமும் செய்யும் இந்த வேலையைத்தான் ஃபிளாஷ் இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்கிறது. புகைப்படக்காரர்கள் ‘ஃபில் ஃபிளாஷ்’ என்கிறார்கள். நிழலை நிரப்புவதால் இங்கே அதை நிரப்பொளி என்போம்.

எட்டுப் பங்கு வெயில், ஒரு பங்கு நிழல்

இனி கணக்கு. கொங்கு நாட்டு ரேக்ளாவில் தூரம் குறைவு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து, எந்த வண்டி குறைந்த விநாடியில் எல்லையைத் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். நம் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் எல்லைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறார்.

நல்ல வெயிலில் காமிராவின் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளையின் எண் 11, ஷட்டர் 1/250 விநாடி. வெயில் நேரே படும் சட்டைத் தோளுக்கு 8 பங்கு ஒளி கிடைக்கிறது என்று கொள்வோம். குனிந்த முகத்துக்கு மண்ணும் வானமும் சேர்ந்து 1 பங்கு தருகின்றன. எட்டுக்கு ஒன்று. இந்த இடைவெளிதான் முகத்தைக் கருப்பாக்குகிறது.

ஃபிளாஷ் வாங்கும்போது அதன் பெட்டியில் ‘வழிகாட்டி எண்’ என்று ஒன்று போட்டிருக்கும். அதைத் துளையின் எண்ணால் வகுத்தால், அந்த ஃபிளாஷ் எத்தனை மீட்டரில் ஒரு பொருளுக்குப் போதிய ஒளி தரும் என்பது கிடைக்கும். நம்மிடம் இருப்பது 55 எண் கொண்டது என்போம். 55-ஐ 11-ஆல் வகுத்தால் 5. ஐந்து மீட்டர் தூரத்தில், முழுச் சக்தியில், அது வெயிலுக்குச் சமமாக 8 பங்கு தரும்.

நம் வண்டி நிற்கப்போவதோ 10 மீட்டரில். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிறது. ஒளி விரிந்துகொண்டே போவதால், இரண்டு மடங்கு தூரத்தில் அது இரண்டு மடங்கு அகலமும் இரண்டு மடங்கு உயரமும் கொண்ட பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. ஆகவே 8 பங்கு 2 பங்காகிறது.

வெறும் இரண்டா என்று தோன்றும். ஆனால் முகத்தைப் பாருங்கள். அங்கே இருந்தது 1 பங்கு. இரண்டு சேர்ந்து 3 ஆகிறது. மூன்று மடங்கு வெளிச்சம்! வெயில் படும் தோளுக்கும் அதே இரண்டு பங்கு போகிறது, அங்கே 8 என்பது 10 ஆகிறது. அந்த வித்தியாசம் கண்ணில் படுவதே அரிது. எட்டுக்கு ஒன்றாக இருந்த இடைவெளி பத்துக்கு மூன்றாகச் சுருங்கிவிட்டது. வானத்தில் ஒன்றும் மாறவில்லை. 40 மீட்டருக்கு அப்பால் நிற்கும் கூட்டத்துக்குப் போய்ச் சேருவது ஒரு பங்கில் எட்டில் ஒன்றுதான், அங்கும் மாற்றம் தெரியாது. மாறியது முகம் மட்டும். அதுவும் ‘ஃபிளாஷ் அடித்த முகம்’ என்று சொல்ல முடியாத அளவுக்கு.

இதே ஃபிளாஷை இதே சக்தியில் 5 மீட்டரில் அடித்தால்? முகம் 9, தோள் 16. தோள் வெளுத்துப்போகும், முகத்தில் மேடு பள்ளம் இல்லாமல் போகும். அதனால் கிட்டே வர வரச் சக்தியைக் குறைக்க வேண்டும். 20 மீட்டரில் அடித்தால் கிடைப்பது அரைப் பங்கு. முகம் ஒன்றிலிருந்து ஒன்றரையாகும். செய்து பார்க்கலாம், பெரிய பலன் இல்லை. அதற்கும் அப்பால் பேட்டரிக்குத்தான் செலவு. விளையாட்டரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசி ஃபிளாஷ் அடிக்கும்போது, அந்தச் சிறு விளக்கின் ஒளி முன்வரிசைக்காரர்களின் தலைமுடியைத் தாண்டி எதையும் தொடுவதில்லை.

இன்றைய காமிராக்களில் நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், முன்பைவிட நிறையவே தூக்கலாம். ஆனால் விழியில் ஒரு ஒளிப்புள்ளியைக் கணினி தருவதில்லை. நிரப்பொளி விழியின் ஈரத்தில் பட்டுக் கடுகளவு வெண்புள்ளியாகத் திரும்பி வரும்போதுதான் அந்த முகம் எதையோ பார்க்கிறது என்று நமக்குப் படுகிறது. எல்லைக் கோட்டைப் பார்க்கும் கண்ணை எடுக்கத்தானே இத்தனை பாடும்.

ஒரே சொடுக்கில் இரண்டு படங்கள்

ஃபிளாஷ் அடித்து எடுத்த பகல் படம் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இரண்டு படங்கள். ஒன்றை வெயில் எடுக்கிறது. அதற்கு ஷட்டர் திறந்திருக்கும் 1/250 விநாடி முழுதும் தேவை. மற்றதை ஃபிளாஷ் எடுக்கிறது. முழுச் சக்தியில் சுமார் 1/1000 விநாடியில் அதன் வேலை முடிந்துவிடும். சக்தியைக் குறைத்தால் விளக்கு மங்கலாக எரிவதில்லை, சீக்கிரம் அணைகிறது. பதினாறில் ஒரு பங்கு சக்தியில் வெளிச்சம் 1/10,000 விநாடி போலத்தான் நீடிக்கும்.

நம் வண்டி 1/250 விநாடியில் 4 சென்டிமீட்டர் நகரும். 1/1000-இல் 1 சென்டிமீட்டர். 1/10,000-இல் 1 மில்லிமீட்டர். எனவே வெயில் எடுத்த படத்தில் வண்டி 4 சென்டிமீட்டர் இழுபட்டிருக்கும். ஃபிளாஷ் எடுத்த படத்தில் ஏறக்குறைய நின்றிருக்கும். நிழலில் இருக்கும் முகத்தில் ஃபிளாஷின் பங்கு இரண்டு, மண்ணும் வானமும் தரும் பங்கு ஒன்று. ஆக, கூர்மையான முகமே மேலோங்கும். வெயில் படும் தோளிலோ எட்டுக்கு இரண்டு. அங்கே இழுபட்ட படம் ஜெயிக்கும். ஒரே ஆளின் முகம் கூர்மையாகவும் தோள் கலங்கலாகவும் வருவதன் காரணம் இது. கலங்கல் கூர்மையைச் சுற்றி ஒரு மெல்லிய நிழல்போல ஒட்டிக்கொண்டிருப்பதைப் புகைப்படக்காரர்கள் ‘கோஸ்ட்’ என்பார்கள்.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு: காமிராவை வண்டியோடு சேர்த்துத் திருப்புவது. இடுப்பிலிருந்து உடம்பைச் சுழற்றி, வண்டி சட்டத்துக்குள் அசையாமல் நிற்கும்படி பின்தொடர்ந்தால், வெயில் எடுக்கும் படத்திலும் வண்டி நின்றுவிடும். பின்னணிதான் கோடுகோடாக ஓடும். சக்கரத்தில் இது அழகாகத் தெரியும். காமிராவை அசைக்காமல் எடுத்த படத்தில், தரையைத் தொடும் இடத்தில் ஆரக்கால்கள் கூர்மையாகவும் உச்சியில் கலைந்தும் இருக்கும். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. உச்சிப் புள்ளியோ வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. காமிராவை வண்டியோடு திருப்பி எடுத்தால் அச்சு கூர்மையாக நிற்க, விளிம்பு முழுதும் ஒரே அளவில் கலங்கும். ஒரு படத்தைப் பார்த்தே எடுத்தவர் நின்று எடுத்தாரா, திரும்பி எடுத்தாரா என்று சொல்லிவிடலாம்.

குறுகிய ஒளியால் ஓட்டத்தை நிறுத்தலாம் என்பது புதிய அறிவு அல்ல. 1851-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், ‘தி டைம்ஸ்’ நாளிதழின் ஒரு தாளைச் சுழலும் சக்கரத்தில் ஒட்டி, இருட்டில் ஒரு மின்பொறியின் வெளிச்சத்தில் படமெடுத்தார். எழுத்துகள் படிக்கும்படி வந்தன. 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின் மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெரால்ட் எட்ஜர்டன், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப்பைக் கொண்டு ஓடும் இயந்திரத்தை நிறுத்திக் காட்டினார். பிறகு அதே விளக்கை விளையாட்டு வீரர்கள் பக்கம் திருப்பினார். 1938-இல் கோல்ஃப் ஆட்டக்காரர் டென்ஸ்மோர் ஷூட் மட்டையைச் சுழற்றும் ஒரே வீச்சை அவர் அடுக்கடுக்கான உருவங்களாகப் பதிந்தார். கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்ட்ரோபோஸ்கோப் புதிதல்ல. சுழலும் ஸ்பிண்டிலின் வேகத்தை அதைக் காட்டித்தான் சரிபார்ப்பார்கள். காமிராவின் மேல் இருப்பது அந்தக் கருவியின் தம்பி.

ஷட்டரை ஏன் கூட்ட முடியாது

கலங்கல்தான் சிக்கல் என்றால் ஷட்டரை 1/2000 விநாடிக்குக் கொண்டுபோனால் ஆயிற்றே? ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஃபிளாஷ் வந்ததும் வழி அடைபடுகிறது.

பெரும்பாலான காமிராக்களின் ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை விலகிப் படத்தைத் திறக்கிறது. இரண்டாம் திரை பின்னால் வந்து மூடுகிறது. 1/200 அல்லது 1/250 விநாடி வரை, முதல் திரை முழுதும் விலகிய பிறகே இரண்டாவது கிளம்பும். அந்த இடைவெளியில் சட்டம் முழுதும் திறந்திருக்கும். ஃபிளாஷ் மின்னினால் படம் முழுதும் பதியும். அதைவிட வேகமாகப் போனால் முதல் திரை போய்ச் சேருமுன்பே இரண்டாவது துரத்தத் தொடங்கிவிடும். திறந்திருப்பது ஒரு பட்டை மட்டும். அது சட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும். அந்த நேரம் ஃபிளாஷ் மின்னினால் பட்டைக்குள் இருக்கும் பகுதியில் மட்டும் அதன் ஒளி இருக்கும்; மீதியில் இருக்காது. சட்டம் முழுதும் திறந்திருக்கும் அதிவேக எல்லையை ஒத்திசைவு வேகம் என்போம்.

இதைத் தாண்டவும் ஒரு முறை உண்டு. பட்டை நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஒளியில் பெரும்பகுதி மூடிய திரையில் பட்டு வீணாகிறது. எட்டும் தூரம் வெகுவாகக் குறைகிறது. நம் 10 மீட்டர் கணக்கு அங்கே நிற்காது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III காமிராவில் நகரும் திரையே தேவையில்லை. சென்சாரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் ஒளியை வாங்கி ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. ஒத்திசைவு வேகம் என்ற தடை அதற்கு இல்லை. விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் நம் ஊர்ப் பந்தயங்களில் இன்னும் பல ஆண்டுகளுக்கு 1/250 தான் ஆட்சி செய்யும்.

இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. முழுச் சக்தியில் அடித்தால் ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி மறுபடி நிரம்பச் சில விநாடிகள் ஆகும். வண்டி நல்ல தூரத்தில் இருப்பதோ ஒரு விநாடி. ஆக, கிடைப்பது ஒரே படம். வரிசையாக அடித்துவிட்டு நல்லதைப் பொறுக்கிக்கொள்ளும் வழக்கம் இங்கே உதவாது. இரண்டு காளைகளின் முன்னங்கால்களும் ஒருசேர எழும் கணத்தை முன்கூட்டியே கணித்து விரலை அழுத்த வேண்டும். இந்தக் கட்டாயம் நல்ல படங்களைத் தருகிறது என்பது என் கருத்து.

தலைமேல் இருப்பதன் பலனும் புழுதியும்

காமிராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷைப் பற்றி நல்ல பெயர் கிடையாது. கல்யாண மண்டபத்தில் சுவரோடு ஒட்டிய தட்டையான முகங்களுக்கு அதுவே காரணம். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி போவதால், அது உண்டாக்கும் நிழல் பொருளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நிழல் தெரியாவிட்டால் உருட்சி தெரியாது.

வெயிலில் அதே குணம் வரமாகிறது. உருட்சியைக் காட்டும் வேலையைச் சூரியன் ஏற்கெனவே செய்துவிட்டது. நமக்குத் தேவை, இன்னொரு நிழலை உண்டாக்காமல் இருக்கும் நிழலை மட்டும் இளக்கும் ஒளி. பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்திய விளக்கு மூக்குக்கு இரண்டாவது நிழலைத் தந்துவிடும். இரண்டு சூரியன் உள்ள ஊர்போல இருக்கும். தலைமேல் இருக்கும் விளக்கு தன் தடயத்தைத் தானே மறைத்துக்கொள்கிறது.

ஆனால் புழுதியை அது மன்னிப்பதில்லை. முந்தைய வண்டி கிளப்பிய புழுதி இன்னும் அடங்காமல் இருக்கும்போது அடித்தால், லென்ஸிலிருந்து 1 மீட்டரில் மிதக்கும் தூசிக்கு, 10 மீட்டரில் வரும் காளைக்குக் கிடைப்பதைப் போல 100 மடங்கு ஒளி கிடைக்கும். படம் முழுதும் வெள்ளை வட்டங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புழுதி தன்னை விட்டு விலகிப்போகும் பக்கம் உட்காருவதுதான் வழி.

காளையின் கண்

மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மனிதனுக்கு அது இல்லை. மங்கிய ஒளியிலும் மேய்வதற்கு இயற்கை தந்த வசதி இது. உள்ளே போன ஒளி விழித்திரையை இரண்டு முறை கடக்கிறது. இரவில் காமிரா ஃபிளாஷில் மாட்டின் கண் நீலப்பச்சையாக எரிவதும், மனிதக் கண் இரத்தக் குழாய்களின் சிவப்பைக் காட்டுவதும் இந்த வேறுபாட்டால்தான். நண்பகலில் காளையின் பாவை கிடைமட்டக் கோடாகச் சுருங்கியிருக்கும். 10 மீட்டரில் அடிக்கும் நிரப்பொளி வெயிலில் கால் பங்கு. அதனால் பெரிய அதிர்ச்சி இருக்க வாய்ப்பில்லை. மாலை மங்கிவிட்டால் பாவை விரிந்துவிடும். அதே விளக்கு அப்போது முகத்தில் அறையும்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி அவற்றை மீண்டும் அனுமதித்தது; 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டு வழக்கிலும் மையமாக இருந்த கேள்வி, விலங்குக்குத் துன்பம் நேர்கிறதா என்பதே. புகைப்படக்காரரும் அந்தக் கேள்விக்குள்தான் நிற்கிறார். பூட்டிய காளைகளைத் தொடக்கக் கோட்டில் ஆட்கள் பிடித்து நிறுத்தியிருக்கும்போது இரண்டு மீட்டரில் போய் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. மிரண்டால் முதலில் மிதிபடுவது மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவர். அலகுமலை போன்ற இடங்களில் ஜல்லிக்கட்டு எடுக்கும்போது வாடிவாசலுக்கு எதிரிலும் கூடாது. களத்தில் இருக்கும் வீரரின் பார்வை அரை விநாடி மங்கினாலும் கொம்பு வந்துவிடும். இரவுக் கபடியில் பாடிச் செல்பவரின் கண்ணுக்கு நேரே அடிப்பதும் அப்படித்தான். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற போட்டிகளில் ஃபிளாஷை அடியோடு தடை செய்திருப்பதன் காரணமும் கண்தான்.

ரேக்ளாவில் அடிக்க ஏற்ற இடம் எல்லைக் கோடும் அதைத் தாண்டிய இருபது முப்பது மீட்டரும். நேரம் பதிவாகிவிட்டது. வண்டியோட்டுபவர் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்து, எத்தனை விநாடி என்று ஒலிபெருக்கிப் பக்கம் திரும்புகிறார். அந்தத் திரும்பலில் முகம் துண்டின் நிழலுக்குள்ளேயே இருக்கிறது. பத்து மீட்டர், துளை 11, முழுச் சக்தி.